மகளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுங்கள்

 

உங்கள் வீட்டில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், மஃரிபுக்குப் பின் அது பாடம் மனனம் செய்யும் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "மூலகம் எனப்படுவது யாதெனில்... சேர்வை எனப்படுவது யாதெனில்... ஒட்சியேற்றம் எனப்படுவது யாதெனில்..." என்று தலையை ஆட்டி ஆட்டி ஓதிக்கொண்டிருக்கும். பொருள் விளங்காமல் ஓதினாலும் குர்ஆனுக்கு நன்மை எழுதப்படும். விஞ்ஞானப் பாடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பரீட்சைத் தாளில் கேள்வியைச் சற்றே மாற்றிப் போட்டால் மனனம் செய்த அத்தனையும் காற்றோடு போய்விடும்.

சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடம். அதில் இரசாயனப் பகுதி வந்தாலே பல பிள்ளைகளுக்கு முகம் சுருங்குகிறது. மலையகத்தில் இந்தப் பயத்துக்குத் துணையாக இன்னொரு விடயமும் சேர்ந்துகொள்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் இங்கே குறைவு. மஸ்கெலியாவிலுள்ள ஒரு பிள்ளை அதற்காக ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டி வரலாம். அல்லது கண்டிப் பக்கம் விடுதியில் நிற்க வேண்டி வரலாம். "பொம்பிளப் பிள்ளை, அவ்வளவு தூரம் எதற்கு? இங்கேயே கலைப் பிரிவைப் படிக்கட்டும்" என்று வீட்டில் முடிவு எடுத்துவிடுகிறோம். அதே வீட்டில், பிரசவ நேரம் வந்தால் பெண் டொக்டர்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமும் பிடிக்கிறோம். அந்தப் பெண் டொக்டர் எங்கிருந்து வருவார்? உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்காத ஒரு பிள்ளை இந்த நாட்டில் மருத்துவ பீடத்துக்குள் நுழைய வழியில்லை.

ஆகவே, இந்தக் கட்டுரை பிள்ளைகளுக்கானதுதான் என்றாலும், அதை உங்கள் கையில் தருகிறேன். பாடப்புத்தகத்தில் படமாக இருக்கும் பொருள்களில் பாதி உங்கள் அடுப்படியில்தான் இருக்கின்றன.

ஒரே ஒரு கேள்வி

ஒரு மௌலவிக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். அரபுக் கல்லூரியில் எங்களுக்கு இரசாயனவியல் என்றொரு பாடம் இருக்கவில்லை. ஆனால் பிக்ஹில் தஹாரத் பாடம் இருந்தது. தண்ணீரைப் பற்றியும், அசுத்தத்தைப் பற்றியும், ஒரு பொருள் மாறுவதைப் பற்றியும் மாதக்கணக்கில் படித்தோம். அந்தப் பாடம் முழுவதிலும் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: இது இன்னும் அதே பொருளா, அல்லது வேறு பொருளாகிவிட்டதா? பிற்காலத்தில் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டியபோது, பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்ற அத்தியாயத்தில் அதே கேள்வி உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஹராம், ஷாபிஈ மத்ஹபின்படி நஜீஸும் கூட. ஆனால் அதே மது, எதுவும் போடப்படாமல் தானாகவே காடியாக மாறிவிட்டால், அது சுத்தமாகி ஹலாலாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை எங்கள் இமாம்கள் 'இஸ்திஹாலா' என்றார்கள். ஒரு பொருள் தன் தன்மையை விட்டு வேறொன்றாகிவிடுவது என்று அதற்கு அர்த்தம். நம் நாட்டில் தென்னங்கள்ளில் இருந்து வினாகிரி செய்கிறார்கள் அல்லவா? அங்கே நடப்பது என்ன? கள்ளில் இருக்கும் எதனோல் என்ற மதுசாரத்தை, கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. மதுசாரம் அசற்றிக்கமிலமாகிவிட்டது, மணம் வேறு, சுவை வேறு, குணம் வேறு. அசற்றிக்கமிலத்தைச் சூடாக்கினாலும் குளிரவைத்தாலும் பழைய கள் திரும்ப வராது. இதுதான் இரசாயன மாற்றம்.

(இதைப் படித்துவிட்டு ஜெலற்றினும் இஸ்திஹாலாதானே என்று கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம். அது உலமாக்களிடையே நீண்ட விவாதமுள்ள தனி மஸ்அலா.)

இதற்கு மாறாக, நெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். மஸ்கெலியாக் குளிரில் போத்தலுக்குள் கல்லாய் உறைந்து கிடக்கிறது. அடுப்பருகே வைத்தால் உருகுகிறது. மீண்டும் ஜன்னலோரம் வைத்தால் உறைகிறது. உருவம்தான் மாறியது, அது நெய்தான். இது பௌதிக மாற்றம். தண்ணீர் கொதித்து ஆவியாவதும் அப்படியே. இங்கே பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வரலாம். தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. கடல் மட்டத்தில் அது சரி. ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலிருக்கும் மஸ்கெலியாவில் காற்றின் அமுக்கம் குறைவு. அதனால் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக இங்கே நேரம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் பிள்ளை எதைக் கண்டாலும் இந்த ஒரே கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள். தேசிக்காய்த் தண்ணீரில் சீனி கரைவது? சீனியே, நாக்கு சாட்சி. சீனியைச் சட்டியில் போட்டுக் கறுக்கும்வரை வறுப்பது? வேறு பொருள். வீட்டுக் கதவின் கொண்டி துருப்பிடிப்பது? வேறு பொருள். மருதோன்றி அரைப்பது? இலைதான், தூளாகியிருக்கிறது. அது கையில் சிவப்பது? அங்கே அரைத்த இலையிலிருந்து வெளிவரும் சாயம் தோலோடு பிணைந்துகொள்கிறது. மறுநாள் காலையில் அந்தச் சிவப்பு இன்னும் கறுப்பதற்குக் காற்றிலுள்ள ஒட்சிசன் காரணம். பெருநாள் இரவில் பெண்பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னால், ஒட்சியேற்றம் என்ற சொல்லை அவர்கள் ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்கள்.

கொழுந்து முதல் கோப்பை வரை

ஒட்சியேற்றத்துக்கு மஸ்கெலியாவில் இருப்பதைவிடப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. சுற்றிவரத் தேயிலை மலைகள். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு தொழிற்சாலை. தோட்டத்து மக்கள் அதை ஸ்டோர் என்பார்கள். காலையில் பச்சையாக உள்ளே போகும் கொழுந்து மறுநாள் கறுப்புத் தேயிலையாக வெளியே வருகிறது. நடுவில் நடப்பது என்ன என்று கொழுந்து பறிக்கும் தாய்க்கும் யாரும் சொல்வதில்லை, அவளுடைய பிள்ளைக்கும் யாரும் சொல்வதில்லை. கடைவீதியில் அந்தத் தேயிலையை நிறுத்து விற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியாது.

பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை தண்ணீர்தான். முதல் வேலை, இலையைப் பரப்பிக் காற்றைச் செலுத்தி வாட்டுவது. 12 முதல் 18 மணித்தியாலம் வரை இது நடக்கும். இலை துவண்டு, கையில் பிடித்தால் பட்டுத்துணி போல மெதுமெதுவென்று இருக்கும். மணத்தைத் தரும் சில மாற்றங்கள் இந்த நேரத்திலேயே உள்ளுக்குள் தொடங்கிவிடும். ஆனாலும் பிரதானமாக நடப்பது தண்ணீர் ஆவியாவது. அதாவது பௌதிக மாற்றம்.

அடுத்தது இலையை உருட்டி நசுக்குவது. இதில்தான் வேடிக்கை இருக்கிறது. தேயிலை இலையின் கலத்துக்குள் அல்லாஹ் இரண்டு பொருள்களைத் தனித்தனி அறையில் வைத்திருக்கிறான். ஒன்று, கட்டெச்சின் எனப்படும் நிறமில்லாத துவர்ப்புப் பொருள். இது பொலிபீனோல் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றையது, அதை மாற்றக்கூடிய நொதியம். இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. உருட்டும் இயந்திரம் கலச்சுவர்களை உடைத்ததும் இரண்டும் கலக்கின்றன. வெளியிலிருந்து ஒட்சிசனும் வந்து சேர்கிறது. குளிர்ந்த அறையில் இரண்டு மூன்று மணித்தியாலம் பரப்பி வைத்தால், பச்சை இலை உங்கள் கண் முன்னாலேயே செப்புக்காசின் நிறத்துக்கு வருகிறது. கட்டெச்சின் ஒட்சியேறித் தியாஃபிளாவின், தியாரூபிஜின் என்ற புதிய பொருள்களாகிவிட்டது. தேநீரின் பொன்னிறத்துக்கும் பளபளப்புக்கும் முன்னையது காரணம். செந்நிறத்துக்கும் திடத்துக்கும் பின்னையது காரணம். 1950களில் ரொபர்ட்ஸ் என்ற ஆங்கில இரசாயனவியலாளர் இவற்றைப் பிரித்து அடையாளம் கண்டு பெயர் சூட்டினார். நம் நாட்டில் இத்தகைய ஆராய்ச்சிக்கென்றே 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலா என்றால் பிள்ளைகளை நீர்வீழ்ச்சிக்கு மட்டும் கூட்டிப்போகும் நாம், ஒருமுறை இந்தப் பக்கமும் பஸ்ஸைத் திருப்பலாம்.

கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அதுவும் இதே கதைதான். வெட்டுவாய் பட்டதும் நொதியமும் பொலிபீனோலும் சந்திக்கின்றன. நீங்கள் உடனே தண்ணீரில் போடுகிறீர்கள். சிலர் அதில் தேசிக்காயும் பிழிவார்கள். தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. தேசிக்காயின் அமிலம் நொதியத்தின் வேலையைக் கெடுக்கிறது. இதை உங்கள் உம்மா உங்களுக்குச் சொல்லித் தந்தபோது, ஒரு வார்த்தை இரசாயனமும் பேசாமல் இரசாயனம் கற்பித்தார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் இந்தக் கட்டத்தை நொதிக்கவைத்தல், புளிக்கவைத்தல் என்று சொல்வார்கள். புளிக்கவைத்தது என்றால் போதை கலந்திருக்குமோ என்று சில சகோதரிகள் மனம் குழம்புவதுண்டு. கள்ளில் நடப்பது போல நுண்ணுயிர்கள் சீனியைத் தின்று மதுசாரம் உண்டாக்கும் வேலை கறுப்புத் தேயிலையில் நடப்பதில்லை. இங்கே நடப்பது இலையின் சொந்த நொதியமும் காற்றும் செய்யும் ஒட்சியேற்றம் மட்டுமே. பழைய காலத்தில் தெரியாமல் வைத்த பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தயக்கமில்லாமல் குடியுங்கள்.

கடைசியாகச் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். வெப்பம் நொதியத்தை அழித்துவிடுவதால் மாற்றம் நின்றுபோகிறது. பச்சைத் தேயிலை செய்பவர்கள் இந்த வேலையை முதலிலேயே செய்துவிடுகிறார்கள். பறித்தவுடன் இலையை ஆவியிலோ சூட்டிலோ காட்டி நொதியத்தை அழித்துவிட்டால் இலை கறுப்பதற்கு வழியில்லை. ஒரே செடியின் இலைதான். இரண்டு தேயிலைக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் இந்த ஒட்சியேற்றம்தான்.

பிள்ளையிடம் ஒரு கணக்குக் கேளுங்கள். 100 கிலோகிராம் கொழுந்து உள்ளே போனால் ஏறத்தாழ 22 கிலோகிராம் தேயிலை வெளியே வருகிறது. மீதி 78 கிலோகிராம் எங்கே? அழிந்துவிட்டதா? இல்லை. ஏறக்குறைய முழுவதும் தண்ணீர் ஆவியாகக் காற்றோடு போய்விட்டது. அந்த ஆவியையும் பிடித்து நிறுத்தால் கணக்குச் சரியாக வரும். திணிவு காப்பு விதி என்று புத்தகத்தில் இருப்பது இதுதான்.

பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம்

மூலகம் என்பது மேலும் எளிய பொருள்களாகப் பிரிக்க முடியாத பொருள்: இரும்பு, செம்பு, தங்கம், ஒட்சிசன் போல. இன்று 118 மூலகங்களுக்குப் பெயர் இருக்கிறது. கடைசி நான்கிற்கு 2016இல் பெயர் வைத்தார்கள். மூலகங்கள் குறித்த அளவில் இரசாயன முறையாகச் சேர்ந்தால் சேர்வை. கத்தியால் வெட்டக்கூடிய, தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய உலோகம் சோடியம். மூச்சில் ஏறினால் உயிரை வாங்கும் மஞ்சட்பச்சை வாயு குளோரின். இரண்டும் சேர்ந்தால்? நீங்கள் கறிக்குப் போடும் உப்பு! சேர்வையாகும்போது பொருளின் குணம் எப்படி அடியோடு மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். கலவை என்பதோ, ஒவ்வொரு பொருளும் தன் குணத்தோடு கூடியிருப்பது. அரிசியில் கல் கலந்ததும் கலவை, தேத்தண்ணியில் சீனி கலந்ததும் கலவை. முன்னதைப் புடைத்துப் பிரிக்கலாம். பின்னதைத் தண்ணீரை வற்றவைத்துப் பிரிக்கலாம்.

பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "பொற்றாசியத்துக்கு ஆங்கிலத்தில் 'பீ' என்றுதானே தொடங்குகிறது? அதன் குறியீடு ஏன் 'கே'?" இதற்கு விடை எங்கள் அரபு மொழியில் இருக்கிறது. உவர்நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலை அரபியர் 'அல்-கலீ' என்றார்கள். அதை இலத்தீனாக்கிக் 'கேலியம்' என்று வைத்தபோது முதலெழுத்து 'கே' ஆயிற்று. காரத்துக்கு ஆங்கிலத்தில் அல்கலி என்று சொல்வதும் அதே சொல்லே. சோடியத்தின் குறியீட்டுக்குப் பின்னாலுள்ள 'நேற்றியம்' என்ற பெயரும் 'நத்ரூன்' என்ற அரபுச் சொல்லோடு உறவுடையது. இரசாயனவியலின் ஆங்கிலப் பெயரே 'அல்-கீமியா'வில் இருந்து வந்தது. கூஃபாவோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாபிர் இப்னு ஹையான், பொருள்களைத் தாவரம், விலங்கு, கனிமம் என வகுத்து ஆய்வுக் கருவிகளை வரிசையாக எழுதிவைத்த அபூபக்ர் அர்-ராஸி ஆகியோர் இந்தத் துறையில் கைவைத்தவர்கள். ராஸி ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த ஒரு வைத்தியர். ஆனால் பழம்பெருமை பேசிப் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்காது. குறியீட்டை மறக்காமலிருக்க உதவினால் அதுவே போதும்.

சாம்பல் என்றதும் ஒரு விடயம். உங்கள் பாட்டியார் அடுப்புச் சாம்பலால் சட்டி தேய்த்தார். விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. அது ஒரு காரப்பொருள். சட்டியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அது ஒருவகைச் சவர்க்காரமாகிவிடுகிறது. எண்ணெய் போனது சாம்பல் கரகரப்பால் மட்டும் என்று நினைத்திருந்தோம்.

அமிலம், காரம் என்ற பாடத்துக்குப் பாசிச்சாயத்தாள் கிடைக்கவில்லையே என்று பாடசாலைகளில் குறைப்படுகிறார்கள். மூன்று கோப்பை சாயத்தேத்தண்ணி ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் தேசிக்காய் பிழியுங்கள், நிறம் வெளுத்துவிடும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள், கறுத்துவிடும். தேநீரின் சாயப்பொருள் ஒரு மென்னமிலம். அமிலம் கூடினால் அது ஒரு நிறம், காரம் கூடினால் இன்னொரு நிறம். இத்தகைய பொருளுக்குத்தான் காட்டி என்று பெயர். மஞ்சளும் காட்டிதான். துணியில் விழுந்த கறியின் மஞ்சள் கறை, சவர்க்காரம் பட்டதும் சிவக்கிறதே, கண்டிருப்பீர்கள். அதன்மேல் தேசிக்காய் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடக்கி உப்பும் நீரும் ஆவது நடுநிலையாக்கல். தேயிலைச் செடிக்கு ஓரளவு அமிலத்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும், பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. ஆண்டாண்டாக உரம் போட்டு அமிலம் அளவு மிஞ்சிவிட்டால், கவ்வாத்து வெட்டும் காலத்தில் டொலமைட் தூளைத் தூவுகிறார்கள். அதுவும் நடுநிலையாக்கல்தான், கோப்பைக்குப் பதிலாக மலை முழுவதும்!

இதே அத்தியாயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மலசலகூடம் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக்கமிலம் இருக்கிறது. துணி வெளுக்கும் திரவத்திலும், கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளிலும் குளோரின் சேர்வை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் கிடைக்கும் என்று நினைத்துச் சிலர் கலக்கிறார்கள். கலந்தால் வெளிவருவது குளோரின் வாயு. 1915இல் முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் படைவீரர்களைக் கொல்ல ஜெர்மானியர் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். கதவு மூடிய சிறிய குளியலறையில் அதை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். ஒன்றைப் பாவித்தால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; மற்றதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணியும் தேத்தண்ணியும்

இப்போது பிள்ளையிடம் ஒரு துருப்பிடித்த ஆணியைக் கொடுத்து, திடமான சாயத்தேத்தண்ணியில் இரவு முழுவதும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காலையில் பார்த்தால் தேத்தண்ணி மை போலக் கறுத்திருக்கும். தேயிலையிலுள்ள பொலிபீனோல் இரும்பைப் பிடித்துக் கருநிறச் சேர்வையாக்கிவிட்டது. மை போல என்றேன். உண்மையில் அது மைதான். மாசிக்காயை நீங்கள் அறிவீர்கள், பிள்ளை பெற்ற வீட்டு மருந்துச் சாமான்களில் அதுவும் ஒன்று. அந்த மாசிக்காயின் துவர்ப்பையும், நாட்டு வைத்தியர் அன்னபேதி என்று சொல்லும் பெரசு சல்பேற்றையும் சேர்த்துத்தான் முற்காலத்தில் எழுத்து மை காய்ச்சினார்கள். வட ஆபிரிக்காவில் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு பாதிஸின் பெயரால் வழங்கும் எழுத்தர்களுக்கான நூலில் இந்த மைக்குச் செய்முறை இருக்கிறது.

அந்த அன்னபேதியிலுள்ள பெரசு சல்பேற்றுத்தான் இரும்புக் குளிசைகளில் ஒரு வகையிலும் இருக்கிறது! கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுக்கிறார்கள். நம் பெண்கள் அதை எதனோடு விழுங்குகிறார்கள்? கையிலிருக்கும் சாயத்தேத்தண்ணியோடு. வயிற்றுக்குள் மை காய்ச்சுவது என்றால் இதுதான். தேயிலையின் பொலிபீனோல் பிடித்துக்கொண்ட இரும்பைக் குடல் உறிஞ்சுவது வெகுவாகக் குறைந்துவிடும். மாதாமாதம் குளிசை வாங்கியும் இரத்தம் ஏறவில்லையே என்று கவலைப்படும் சகோதரிகள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புக்கும் இதே கதிதான். சோற்றுக்கு மேலே உடனே தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் மலையகத்தில் மிக அதிகம். குளிருக்கு வேறு என்ன குடிப்பது என்பீர்கள். குடியுங்கள், ஆனால் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். குளிசையை வெறுந்தண்ணீரோடு, அல்லது தேசிக்காய்த் தண்ணீர், தோடம்பழச் சாற்றோடு எடுத்தால் நல்லது. அவற்றிலுள்ள விற்றமின் சீ இரும்பைக் குடல் உறிஞ்ச உதவுகிறது. கல்சியக் குளிசையும் தந்திருந்தால் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். எந்த வேளைக்கு எது என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆணிப் பரிசோதனையைச் செய்து பார்த்த பிள்ளை, சேர்வை என்றால் என்ன என்பதைப் பரீட்சையில் எழுதும். அதைவிட, தன் உம்மாவின் கையிலிருக்கும் கோப்பையையும் அது நிறுத்தும். கோப்பையிலுள்ள கறுப்புத் தண்ணீரை மட்டும் சின்னப்பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைத்துப் பின்பு கொட்டிவிடுங்கள்.

கரிச்சட்டி

எரிதலும் ஒட்சியேற்றம்தான், வேகமாக, வெப்பத்தோடு நடக்கும் ஒட்சியேற்றம். கரி என்பது பெரும்பாலும் காபன். அது தாராளமான காற்றில் எரிந்தால் ஒரு காபனுக்கு இரண்டு ஒட்சிசன் சேர்ந்து காபனீரொட்சைட்டு ஆகும். காற்று போதாவிட்டால் ஒரு காபனுக்கு ஓர் ஒட்சிசன்தான் கிடைக்கும். அப்போது உண்டாவது காபனோரொட்சைட்டு. புத்தகத்தில் இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே ஓரிரு எழுத்துத்தான் வித்தியாசம். பிள்ளைகள் மாற்றி எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள். வீட்டிலோ அந்த வித்தியாசம் உயிரின் விலை.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், பிறகு மயக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த முதல் அறிகுறிகளும் தெரியாது. மார்கழி, தை மாதத்துக் குளிரில் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கரிச்சட்டியில் நெருப்பைப் போட்டு அறைக்குள் வைத்து, குளிர் வராமல் கதவு ஜன்னல் இடுக்கையெல்லாம் துணியால் அடைத்துவிட்டுப் படுக்கிறோம். பிள்ளை பெற்ற அறையில் இன்னும் அதிகம். தாய்க்கும் சிசுவுக்கும் குளிர் படக்கூடாது என்று கரியும் சாம்பிராணியும் மூட்டி, கதவைச் சாத்தி, அவர்களை உள்ளே விட்டுவிட்டு வருகிறோம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, இந்த நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் கட்டளையிட்டதாக அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரழி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அந்தக் கட்டளையைத் தீப்பற்றுவதற்கு மட்டும் உரியதாக நினைத்து, தணலாகக் கிடக்கும் கரியை ஆபத்தில்லாதது என்று எண்ணிவிடுகிறோம். சுவாலை இல்லாமல் கனன்று கிடக்கும் தணலிலிருந்துதான் காபனோரொட்சைட்டு அதிகம் வரும். சட்டியருகே தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் அந்த வாயுவைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. இழுக்காது, அந்த வாயு தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும். கரையம், கரைப்பான் பாடத்தில் இதையும் ஓர் உதாரணமாகப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

அறையைச் சூடாக்க வேண்டுமென்றால் எல்லோரும் விழித்திருக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மட்டும் செய்யுங்கள். படுக்கும் முன் சட்டியை வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். தாய்க்கும் சிசுவுக்கும் கம்பளி, காலுறை, தொப்பி போதும். யாருக்காவது கரி மூட்டிய அறையில் தலைவலியோ மயக்கமோ வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். அதன்பின் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், கரி எரிந்த அறையில் இருந்தார் என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.